அரை ஜன்னல்

கெம்பாங்கானில், ரயிலிறங்கி ஒன்பது நிமிடம்.
அந்த வரிசை வீட்டு வாசலில் ஒரே ஒரு தபால்பெட்டி,
உள்ளே பதினோரு பூட்டு.
கார் நிற்கவேண்டிய இடத்தில் குமரகுரு குடியிருந்தார்.
மாடிப்படிக்கு அடியில், குனிந்தே நுழையத்தக்க முக்கோணத்தில்,
பிலிப்பினோச் சமையல்காரர் ஒருவர்.
என் கதவில் 3ஏ.
நான்கு என்ற எண்ணே அந்த வீட்டில் இல்லை,
மிஸஸ் குவெக்குக்கு அது ஆகாது.

ஆகாத எண்ணுக்கு ஐந்நூற்றைம்பது வெள்ளி,
ஒன்றாம் தேதி, ரொக்கமாக.
ஏர்கான் கிடையாது. சமைக்கக் கூடாது.
யாராவது கேட்டால்
நான் அவர் கணவருடைய நண்பரின் மருமகன்.

பகலில் எனக்கு வேலை வீடு வரைவது.
கணினியில், மில்லிமீட்டர் பிசகாமல்.
வரைபடத்தில் கதவு என்றால் ஒரு கால்வட்டம்;
எதிலும் இடிக்காமல் அது சுழல வேண்டும்,
இடித்தால் தாள் சிவப்பு மையோடு திரும்பி வரும்.
என் அறைக் கதவு கட்டிலில் முட்டி
அரைக்கால் வட்டத்தில் நின்றுவிடும்.
பக்கவாட்டில் நுழைவேன், நண்டு வளைக்குள் போவதுபோல.
இந்த அறையை யாரும் வரைந்ததில்லை.

ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பெரிய அறையைப் பலகை வைத்து இரண்டாக்கியபோது
நடுவில் அது மாட்டிக்கொண்டது.
இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி.
சறுக்கு ஜன்னல்.
நான் திறந்தால் என் கண்ணாடி போய்
அவன் கண்ணாடிமேல் நிற்கும்.
என் காற்று அவனுக்கு இரட்டை மூடல்.

முதல் வாரம் நான் தள்ள, அவன் தள்ள,
இரவெல்லாம் கிரீச் கிரீச்.
பிறகு எப்படியோ, யாரும் எழுதாமல், ஒரு சட்டம் வந்தது:
பலகையில் ஒரு தட்டு என்றால் எனக்கு வேண்டும்.
இரண்டு தட்டு என்றால் இன்னும் கொஞ்ச நேரம்.

முகம் தெரியாது.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலையாக இருக்கும்;
விடியற்காலை ஐந்தரைக்குப் பலகை இடுக்கில் ஈஸ்ட் வாசம்.
ஃபோனில் பர்மிய மொழியில் மெல்லப் பேசுவான்.
அழுகிறானா சிரிக்கிறானா,
ஒட்டுப்பலகை பிரித்துச் சொல்லாது.
எனக்கு டெங்கி வந்த ஐந்து நாளும்
நான் தட்டவே இல்லை.
ஜன்னல் என் பக்கம் திறந்தே கிடந்தது.

ஒரு வியாழன் காலை ஆறே முக்கால்.
இரண்டு அதிகாரிகள், ஒரு டார்ச், ஒரு அளவுநாடா.
மிஸஸ் குவெக்கின் ஃபோன் அணைந்திருந்தது.
பணிவாகத்தான் கேட்டார்கள்: எத்தனை மாதம், எவ்வளவு, யாரிடம்.
மருமகன் கதை நாக்குவரை வந்து திரும்பிப் போனது.
நாடாவை அவர் இழுக்கும் முன்பே
அகலம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.
பக்கத்து அறைக்காரரைத் தெரியுமா?
தெரியும்.
பெயர்?

ஞாயிற்றுக்கிழமை பலகைகளைக் கழற்றினார்கள்.
இரண்டு ஆள், ஒரு துளைக்கருவி, பத்து நிமிடம்.
தூசிக்குள் நின்றிருந்தார்.
இத்தனை மாதம் அவன், அவன் என்றிருந்தேன்;
ஐம்பதை நெருங்கியவர். நினைத்ததைவிடக் குள்ளம்.
சமைக்கக் கூடாத வீட்டில்
கையில் ஒரு ரைஸ் குக்கர்.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். முழு ஜன்னல்.
அவர் போய்த் தள்ளினார்.
பாதிதான் திறந்தது.
அது எப்போதுமே பாதிதான் திறக்கும்.
சிரித்த சிரிப்பில் பெயர் கேட்க மறந்துவிட்டது.

முன்பணம் திரும்பி வரவில்லை.
இப்போது யீஷூனில், அடுக்குமாடியில், பெயர் பதிந்த அறை.
முத்திரைத்தீர்வை கட்டிய ரசீதுகூட இருக்கிறது.
கதவு முழுக் கால்வட்டம் சுழல்கிறது.
நேற்றிரவு புழுக்கம்.
எழுந்துபோய் ஜன்னலில் கை வைத்தவன்
சட்டென்று தள்ளாமல்
சுவரில் ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றேன்.
சிமென்ட்.