தொய்வு

பகலில் நாற்பது டன் தூக்குகிறேன்,
வலது கையின் இரண்டு விரலால்.
கோட்கா துறைமுகம், மூன்றாம் எண் கிரேன்.
கடலுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு,
காலடியிலும் கண்ணாடி.
பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வந்த கப்பல் கீழே,
அதன் வயிற்றில் காகிதச் சுருள், மரக்கூழ்,
யார் வீட்டுக்கோ போகும் சமையலறை அலமாரிகள்.
லீவரைத் தொட்டால் எழும்.
எனக்கு மூச்சுகூட வாங்காது.

மாலையில் நூற்று நாற்பத்திரண்டரை கிலோ.
அது எழாது.

எங்கள் ஜிம் ஒரு பதுங்கறை.
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
அடுக்குமாடிக்கு அடியில் கட்டி வைத்தது.
குண்டு விழவில்லை,
பார்பெல் விழுகிறது.
ஒரு சாண் கனத்தில் இரும்புக் கதவு இருந்தும்
ஒன்பது மணி தாண்டினால்
மேல் வீட்டுக்காரர் கரண்டியால் குழாயைத் தட்டுவார்.
சுவரில் கடிகாரம் மாட்டவில்லை நாங்கள்.

அக்டோபரிலிருந்து இதே எடை.
பக்கத்துக்கு இரண்டு சிவப்புத் தட்டு, ஒரு பச்சை,
ஓரத்தில் பிஸ்கட் மாதிரி ஒன்றேகால் கிலோ.
நான் என்னதான் செய்யவில்லை?
புது பெல்ட் வாங்கினேன். தட்டையான அடி வைத்த ஷூ.
மார்கெட்டா போடுகிற மாதிரி
முழங்கால்வரை கம்பளிக் காலுறை.
அவள் நூற்றியெண்பது தூக்குகிறாள்,
காலுறையில் ஏதாவது இருக்குமோ என்று.
கம்பிக்கு முன்னால் நின்று கத்தியும் பார்த்தேன்.
கத்தினால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

இல்போ வீடியோ எடுப்பான்.
வரி அலுவலகத்தில் வேலை;
ரசீதைப் பார்க்கும் கண்ணால்தான் என் முதுகையும் பார்ப்பான்.
"இடுப்பு," என்பான்.
அதற்கு மேல் ஒரு சொல் வேண்டுமானால்
அடுத்த வாரம் வர வேண்டும்.
அடுத்த வாரமும், "இடுப்பு."

உண்மைதான்.
கம்பி தரையிலேயே கிடக்க
இடுப்பு மட்டும் முந்திரிக்கொட்டையாய் மேலே போகிறது.
பிறகு முதுகு தனியாள், மல்லுக்கட்டுகிறது.
கம்பி காலை விட்டு விலகி
இரண்டு விரற்கடை முன்னே நழுவுகிறது.
அந்த இரண்டு விரற்கடைக்குள்
ஒரு குளிர்காலமே போய்விட்டது.

பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
கூண்டின் ஹீட்டர் ஒரு காலை மட்டும் சுட்டது.
பெட்டியைக் கவ்வியாயிற்று. வடம் தொய்ந்து கிடந்தது.
மெல்ல இழுத்தேன், தொய்வு போகும்வரை.
பதினாறு வருடமாகக் கை தானாகச் செய்வது,
நான் பார்ப்பதுகூட இல்லை.
அன்று பார்த்தேன்.
பெட்டி அசையவில்லை.
திரையில் எண் ஏறுகிறது:
இரண்டு டன், ஒன்பது, பத்தொன்பது, முப்பது.
இன்னும் தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால்
பாதிக்கு மேல் ஏற்கெனவே என் கையில்.
தொய்வோடு வெடுக்கென்று இழுத்தால்
வடம் உதறும், பெட்டி குதிக்கும்.
புதிதாக வந்தவன் எவனாவது அப்படிச் செய்தால்
ரேடியோவில் நான்தான் திட்டுவேன்.

கப்பல்காரன் கீழிருந்து கை ஆட்டினான்,
என்ன, தூங்கிவிட்டாயா என்று.

மாலையில் தொண்ணூறு மட்டும் மாட்டினேன்.
மார்கெட்டா பார்த்தாள். பார்க்கட்டும்.
குனிந்தேன், பிடித்தேன், இழுக்கவில்லை.
தோளில் தொய்வு. முழங்கையில் தொய்வு.
அக்குளில்கூட ஒன்று ஒளிந்திருந்தது.
ஒவ்வொன்றாக எடுத்தேன்.
கம்பிக்கும் தட்டின் துளைக்கும் நடுவே
ஒரு மயிரிழை இடம் உண்டு;
அது மூடியது. டிக்.
இருபது. ஐம்பது. எழுபது.
தரையைக் காலால் கீழே தள்ளினேன்.
கம்பி கூட வந்தது.

மூன்று வாரம் அந்த டிக்கை மட்டும் கேட்டேன்.
நான்காம் வாரம் இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, பிஸ்கட்.
கம்பி முன்னங்காலை உரசி,
காலுறையைக் கிழித்து, தோலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு
முழங்காலைத் தாண்டியது.
தொடையில் ஏறியது.
இன்னும் நாலு விரற்கடைதான்,
வலது கை திறந்துகொண்டது.
நாற்பது டன்னைத் தூக்கும் அதே இரண்டு விரல்.

பதுங்கறை முழுதும் அதிர்ந்தது.
மேலே கரண்டி தட்டத் தொடங்கியது.
இல்போ வீடியோவை ஓட்டினான்,
பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினான்.
"பிடி," என்றான்.

நாலைந்து மாதத்தில் முதல் புதுச் சொல்.
இரத்தத்தைத் துடைக்காமல் உட்கார்ந்து
அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.