பத்து வீச்சு

சிவப்பு ரப்பர் பட்டையிலிருந்து பச்சைக்கு
என்னைத் தேற்றிவிட்ட அன்று
யுவராணியிடம் கேட்டேன்:
"இனி தூண்டில் போடலாமா?"

ஐந்து ரோட்டில், மாடியில், அவள் கிளினிக்.
எட்டாம் வகுப்பில்
பி.டி. பீரியட் தோறும் வயிற்றுவலி வந்தவள்.
நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு
வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவேன்.
இன்று என் தோளெலும்பின் மேல்
அவள் கட்டைவிரல்.

"கரையில உட்கார்ந்து புழு மாட்டுறதா, டீச்சர்?"
இல்லை, இது வீசுவது.
சேவலின் கழுத்து இறகைத்
தையல் நூலால் சுற்றிச் செய்த பூச்சி.
அதற்கென்று எடை கிடையாது,
கயிற்றின் கனம்தான் கொண்டுபோகும்.
பின்னால் போகவிட்டு,
நீளும்வரை பொறுத்து,
முன்னால்...
காட்டப் போனேன்.
"கையை இறக்குங்க" என்றாள்.

இருபத்தெட்டு வருஷம்
வாலிபால் சர்வீஸ் போட்ட தோள்.
அறுந்த தசைநாரை
மூன்று நங்கூரம் அடித்து எலும்போடு கட்டியிருக்கிறார்கள்.
நங்கூரம் என்றுதான் சொன்னார் டாக்டர்.
உள்ளே ஏதோ கப்பல் நிற்கிறது என்று
ஆறு வாரம் சாய்வு நாற்காலியில் அசையாமல் தூங்கினேன்.
ரவிக்கையின் கொக்கிகளை அவர் மாட்டிவிட்டார்,
ஒன்று மாற்றி ஒன்றில்.
பிறகு, சுவரில் விரல்களால் ஏறினேன்
பல்லிபோல்.
ஞாயிறுதோறும் எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு.
பதினோராவது கோட்டில்
காலண்டர் முருகனின் பாதத்தைத் தொட்டேன்.
மயிலுக்கு மேலே இன்னும் போகவில்லை.

தோளுக்கு மேல் கை போகாமல் பத்து வீச்சு,
அதற்குப் பிறகு ஐஸ் என்று எழுதித் தந்தாள்.
தண்ணீரில் இறங்கக்கூடாது,
பாசிக்கல் வழுக்கினால்
முதலில் ஊன்றுவது அந்தக் கைதான்.
தனியாகவும் போகக்கூடாது. "பொய் சொன்னா தெரிஞ்சிடும் டீச்சர்."

இருபது கொண்டை ஊசி வளைவு.
சீட் பெல்ட்டுக்கும் தோளுக்கும் நடுவே மடித்த துண்டு.
நாகலூர் தாண்டி எஸ்டேட் குட்டை,
சில்வர் ஓக் நிழல் பாதி, பனி பாதி.
ரைட்டர் பெலிக்ஸ் காத்திருந்தார்,
வலது பையில் பத்து காப்பிப் பழங்களோடு.
ஒரு வீச்சுக்கு ஒன்று இடது பைக்குப் போகும்.
கணக்கில் அவர் கறார்.

தூக்காமல் உருட்டி வீசும் முறை ஒன்று உண்டு.
கயிற்றைத் தண்ணீர்மேலேயே இழுத்துவந்து
இடுப்பருகில் நிறுத்தி
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் ஒரு தட்டு.
முதலாவது காலடியில் விழுந்தது.
இரண்டாவது என் துப்பட்டாவைப் பிடித்தது.
"இது கணக்கா?" என்றார் பெலிக்ஸ்.
"கணக்குதான்."
காப்பிச் செடிக்கு ஒன்று. காற்றுக்கு ஒன்று.
ஏழாவதில்
சுருட்டிய பாயை உதைத்து விரித்ததுபோல்
கயிறு தானே உருண்டு
நடுக்குட்டையில் இறகை வைத்துவிட்டு வந்தது.
வலி இல்லை. கண்ணில்தான் ஏதோ.

பத்தாவதற்கு ஒரு வட்டம் எழுந்தது,
வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது யாரோ.
பெலிக்ஸின் வலது பை காலி.
அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்,
மிக நிதானமாக, இரண்டு வீச்சு நேரம்.

பன்னிரண்டாவதில் பிடித்தது.
உடம்புக்குத் தெரியும் என்ன செய்யவேண்டும் என்று,
தோள் கிளம்பியே விட்டது.
முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டேன்.
இடது கையில் கயிறு ஓடியது,
ஜிலேபிக் கெண்டையாக இருக்கும்,
இரண்டு உலுக்கு,
அப்புறம் வெறும் ஈரம்.

தூக்குவாளியில் ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது.
அதில் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு
பெலிக்ஸ் தந்த பட்டாணியைத் தின்றேன்.

திங்கட்கிழமை.
"எத்தனை?"
"பத்து."
கட்டைவிரல் அழுத்துகிறது.
"டீச்சர்."
"பன்னிரண்டு."
எனக்கு வேப்பமரம் தரவில்லை அவள்.
நோட்டில் எழுதினாள்: பன்னிரண்டு.
"மீனு?"
"வந்துச்சு. சுண்டி இழுக்கல."
அதையும் எழுதிக்கொண்டு
பச்சைப் பட்டையைக்
கதவுக் கைப்பிடியில் மாட்டினாள்.