முதலாம் பாகத்துச் சபாநாதர்

நாற்பத்தோராம் பாகத்தில்
நெருப்புக்குச்சியைப் பிளேட்டால் ரெண்டாய்ப் பிளக்கிறார் சபாநாதர்.
சனம் சிரிக்குது.
முதலாம் பாகத்தில் அதே மனுசன்
கொக்குவில் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
நாலு பேருக்கு வடை வாங்கிக் குடுத்திட்டு
மிச்சக் காசையும் விட்டிட்டுப் போறார்.

திருநெல்வேலிச் சந்தையில்
முருங்கைக்காய் கட்டிக்கொண்டே ஒரு மனுசி கேட்டா:
"அண்டைக்கு உமக்கு என்ன நடந்தது?"

என்னத்தைச் சொல்ல.
எழுதின துஷ்யந்தனுக்கு அப்ப
ஆளின்ர பேர் மட்டும்தான் தெரியும்.
எனக்கு அதுவும் வாய்க்குள் நிக்கேல்லை.
குரல் மாமாவின்ரை, நடை ஆற்றையோ.
ஆறாம் பாகத்தில் வசனம் மறந்து
கையிலிருந்த நூறு ரூபாயை விடாமல் நிண்டன்.
கமராக்காரன் குலுங்கினான்.
அதுக்குப் பிறகு அவர் கை விரியவேயில்லை.

"முதலாம் பாகத்தை எடுத்துவிடுவமோ?"
வேண்டாம் எண்டன்.
எங்கட கலியாண வீடியோவில் ஒருத்தன்
தெரியாத ஆக்களையெல்லாம் கட்டிப்பிடிச்சுக்கொண்டு திரியிறான்.
நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கிறாள் சுகிர்தா,
"உது ஆர்?"

முருங்கைக்காய்க்கு மிச்சம் தந்தா.
எண்ணினன்.
இருபது ரூபாய் கூட.
திருப்பிக் குடுப்பமோ எண்டு
அவரும் நானுமாய்
கொஞ்ச நேரம் நிண்டம்.