மாங்கூழ் அட்டை

திம்மராயன் வீட்டு வாசல் சிமெண்டில்
முதல் கறை விழுந்தது சித்திரையில்.
"காரு வச்சுக்கங்க, வேணாங்கல.
எண்ணெ வைக்காதீங்க" என்றார்,
வாடகை எண்ணும் அதே விரலால் சுட்டி.

ஃபேக்டரியிலிருந்து டின் அடுக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து
பிரித்து விரித்தேன் மாருதிக்கு அடியில்.
'இந்தப் பக்கம் மேலே' எனும் இரட்டை அம்பு
படுத்தபடி பம்பரைக் காட்டியது.

தொண்ணூற்றேழாம் வருஷ வண்டி.
ஆர்.சி.யில் எனக்கு முன்னால் நாலு பெயர்.
மேலுமலை ஏற்றத்தில் முனகும்,
நின்றதில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் குனிந்து பார்ப்பேன்.
முதல் வாரம் மூன்று பொட்டு.
அடுத்த வாரம் ஏழு, அதில் ஒன்று
ஐந்து ரூபாய் நாணய அகலம்.
டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால்
கீழ்க்கோட்டுக்கும் கீழே
நுனியில் மட்டும் ஈரம்.

ராயக்கோட்டை சாலை முனிரத்தினம்
பிட்டுக்குள் இறங்கினான். டார்ச் அடித்தான். அணைத்தான்.
"பின் சீல் போச்சுக்கா.
கியர்பாக்ஸ் இறக்கணும். ஏழாயிரம்."

ஏழாயிரம் என்பது
சீசனில் எனக்குப் பதினோரு இரவு.
அந்த இரவுகளில் நான் செய்வது:
கூழில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்து
இனிப்பு எத்தனை டிகிரி என்று எழுதுவது.
எந்தத் தொட்டித் துளி என்று கேட்காமல் எழுதினால்
வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முனிரத்தினம் கேட்கவில்லை.

ஞாயிறு.
அரை லிட்டர் டீசல், பழைய டூத்பிரஷ், கிழிந்த பனியன்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் பால் கவர் கட்டிவிட்டு
இன்ஜினைத் தேய்த்தேன்.
நாலு பேர் அழுக்கும் என் அழுக்கும்
ஒரே நிறத்தில் வடிந்தது.
பழையபேட்டை வெயில் கால் மணியில் காயவைத்தது.
பிறகு முகப்பவுடர்.
கியர்பாக்ஸ் தோளில், சம்ப் விளிம்பில்,
டேப்பெட் கவர் ஓரத்தில், கை எட்டிய இடத்திலெல்லாம்.

எதிர்மாடியிலிருந்து ஜரீனா கேட்டாள்,
"பொண்ணு பாக்க வராங்களா?"
"வராங்க. ஏழாயிரம் கேக்கறாங்க."

டேம் வரை ஓட்டித் திரும்பிப் பேனட்டைத் தூக்கினேன்.
கியர்பாக்ஸ் தோளில் ஈரம்.
அவன் சொன்ன இடம்தான்.
வயிறு ஒரு முறை இறங்கியது.

ஆனால் ஈரம் அங்கே தொடங்கவில்லை.
விரலை வைத்து மேலே போனேன்,
பவுடரில் ஒரு பழுப்புக் கோடு,
நத்தை போன தடம் மாதிரி,
ஹோஸுக்குப் பின்னால், வயர் கட்டுக்குப் பின்னால்,
ஹெட்டின் ஓரம்வரை.
டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் கழுத்து.
அதற்கு மேலே வெள்ளை, வறண்ட வெள்ளை.

ஓ-ரிங் முப்பது ரூபாய்.
"இதுக்கு பில் வேணுமா?" என்றான் ஸ்பேர்ஸ் கடைப் பையன்.
வேணும் என்றேன்.

கழற்றும் முன் வொயிட்னரால்
இரண்டு உலோகத்தையும் சேர்த்து ஒரு கோடு.
ரோட்டர் பார்த்த திசையை மொபைலில் ஒரு படம்.
பழைய ரிங் வளையவில்லை, உடைந்தது,
காய்ந்த கொடுக்காப்புளித் தோல் போல.
புதியதற்கு எண்ணெய் தடவி உள்ளே விட்டு
சாவியைத் திருப்பினால்
இருமல். இருமல். மௌனம்.
படத்தைப் பார்த்தேன். ஒரு பல் தள்ளியிருந்தது.
மறுபடி கழற்றி, கெட்டவார்த்தை ஒன்றைத் திம்மராயனுக்குக் கேட்காமல் சொல்லி,
மாட்டினேன்.
பிடித்துக்கொண்டது.

திங்கள் காலை அட்டையில் ஒரு பொட்டு.
வழியில் தங்கிய பழசுதான் என்று சொல்லிக்கொண்டேன்.
நம்பவில்லை.
செவ்வாய், கடுகளவு.
புதன் ஒன்றுமில்லை.
வியாழன் அட்டை முழுக்க எறும்பு.
என்றோ சிந்திய கூழ்
மூலையில் இனித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பங்க்கில் காற்றுப் பிடிக்கையில் முனிரத்தினம் வந்தான்.
பேனட்டைத் திறக்கச் சொன்னான். பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"எந்தப் பவுடருக்கா?"

சொல்லவில்லை.
சீசன் முடியட்டும்.