மலைப்பக்கம் ஜன்னல் இல்லை

ஓஸ்லோவிலிருந்து வருகிறவர்கள்
காலணியைக் கழற்றும் முன்பே கேட்கிறார்கள்:
இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டா
அந்தப் பக்கம் சுவர் எழுப்பினீர்கள்?

ஒட்னி வரைபடம் கொண்டுவருவதற்கு முன்
மூன்று குளிர்காலம் வந்து போனாள்.
கையில் கழிகள், ஆரஞ்சுத் துணி.
பனி எங்கே தயங்குகிறது, எங்கே தாவுகிறது என்று
சரிவெங்கும் நட்டு நட்டுப் பார்த்தாள்.
முதலில் பனியைத்தான் வரைந்தாள்.
பனி போக மிச்சமிருந்த வெற்றுத்தாள்
ஓர் ஆப்பு வடிவில் இருந்தது.
"இதுதான் உங்கள் வீடு."

ஹல்வார் இரண்டு நாள் பேசவில்லை.
அந்த மலைக்குக் கீழேயே பிறந்தவன்,
தொலைந்த ஆட்டைத் தேடி அதன் இடுப்புவரை ஏறியவன்.
"ஒரே ஒரு ஜன்னல். கைக்குட்டை அளவு போதும்."
ஒட்னி பென்சிலைக் கீழே வைத்தாள்.
"கைக்குட்டை அளவு ஓட்டையில்
எத்தனை டன் பனி நுழையும்,
கணக்குப் போட்டுக் காட்டட்டுமா?"

ஆகவே மலையைப் பார்த்து
கப்பல் மூக்கு மாதிரி கான்கிரீட்,
எழுபது சென்டிமீட்டர்.
வார்த்த பலகைகளின் ரேகை
அதில் அப்படியே பதிந்திருக்கிறது, மரக்கணுக்கள்கூட.
கூரைமேல் சரிவோடு சரிவாகப் புல்.
எங்கே மலை முடிந்து எங்கே நாங்கள் தொடங்குகிறோம் என்று
ஆடுகளுக்குத் தெரியாது;
கோடையில் அடுப்புக்கு மேலே குளம்புச் சத்தம்.
ஃபியோர்டின் பக்கம் முழுக்கக் கண்ணாடி.

குடிவந்த நான்காவது பிப்ரவரியில் அது இறங்கிற்று.
சத்தம் பிறகுதான்.
முதலில் காது அடைத்தது,
கோப்பைக்குள் காப்பி வட்டம் வட்டமாய் நடுங்கியது.
அப்புறம் கண்ணாடிக்கு இருபுறமும்
இரண்டு வெள்ளை ஆறுகள்
எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்
தண்ணீருக்குப் போயின.

விடிந்து பார்த்தால்
வகிடெடுத்த தலைபோல இருந்தது சரிவு,
வகிட்டின் நுனியில் நாங்கள்.
படகுக் கொட்டகை இல்லை.
காரில் வலப்பக்கக் கண்ணாடி மட்டும் கிடைத்தது, உடையாமல்.
ஹல்வார் பின்னால் போய்
சுவரில் உள்ளங்கை வைத்து நின்றான்,
ஓடிக் களைத்த குதிரையின் கழுத்தில் வைப்பதுபோல.
பிறகு மண்வாரியைத் தேடினான். அதுவும் இல்லை.

கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம்
சாயங்காலம் வரை இருங்கள் என்கிறேன்.
வெயில் பின்னால் இறங்க இறங்க
மலையின் நிழல் எங்கள் கூரையைத் தாண்டி
தண்ணீரில் கால் வைக்கிறது.
சிகரம் முன்னே, தோள்கள் பின்னே,
அக்கரை போய்
தொர்குன் வீட்டுச் சிவப்புச் சுவரில் ஏறுகிறது.

ஹல்வார் நாற்காலியை இழுத்துப் போட்டு
அதை வாசிக்கிறான்.
"இடது தோள் நேற்றைவிடத் தடித்திருக்கிறது.
மேலே பனி விளிம்பு கட்டியிருக்கிறது."
ஒட்னிக்குப் போன் செய்கிறான்.
அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு
புதுக் காரை
வீட்டின் முதுகுக்கு நேர் முன்னால்
நகர்த்தி நிறுத்தப் போகிறான்.