அத்திலாந்திக்குக்கு ஒரு படிவம்

உள்துறைமுக வீதி மேல்மாடி மண்டபத்தில்
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுழன்றது.
கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர்
சுவரில் உலகப்படத்தை விழுத்தி
சிவப்புப் புள்ளியொன்றை
ரொட்டர்டாமிலிருந்து பொல்டிமோருக்கு
ஒரு மூச்சில் நீந்தவிட்டார்.
நான் மொழிபெயர்ப்பாளன்.
நாளுக்கு ஐயாயிரம், சாப்பாடு தனி.

'சந்தை அணுகல்' என்றார்.
உங்கட சாமானுக்கு வாசல் திறக்கும் என்றேன்.
'தீர்வைச் சலுகை' என்றார்.
வாசலில குடுக்கிற காசு குறையும் என்றேன்.
'அரசாங்கம் உங்களோடு நிற்கிறது' என்றார்.
அதை மட்டும் அப்படியே சொன்னேன்,
ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

வந்திருந்தது பதினொரு பேர்.
தும்புச்சாடி கோணலிங்கம்
மாதிரிக்கு ஒன்றை மடியில் வைத்திருந்தார்;
கரை உதிர்ந்து காற்சட்டையெல்லாம் தும்பு.
நிலாவெளி வெங்காயக்காரர் தவறி ஏறியவர்,
அவருடைய கூட்டம் கீழ்மாடியில்.
தேத்தண்ணி வரும்வரை இருந்தார்.

கிண்ணியா ஜெஸீமா எழும்பினா.
கொட்டியாரக் குடா நண்டு,
சதை எடுக்க இருபத்திரண்டு பெண்கள்,
ஐஸ்பெட்டியொன்று காலடியில்.
"சேர், அந்தா யன்னல்.
வெளியில துறைமுகம். ஆழம் ஆழமெண்டு
ஒலகமே செல்லுது.
என்ட நண்டு மட்டும் ஏன் அதுக்கு முதுகைக் காட்டி
லொறியேறி, ஹபறணையில யானைக்கு வழிவிட்டு,
கொழும்புக்குப் போய்க் கப்பலேறுது?"

'நல்ல கேள்வி' என்று தொடங்கியவர்
மூன்று நிமிடம் பேசினார்.
மடித்து மடித்து இவ்வளவாக்கினேன்:
பெட்டி இல்லாததால் பெட்டிக்கப்பல் வருவதில்லை.
கப்பல் வராததால் பெட்டி சேருவதில்லை.
பின்வரிசையில் கோணலிங்கம்,
"பைத்தியம் தெளிஞ்சாக் கலியாணம்,
கலியாணம் முடிஞ்சாத்தான் பைத்தியம் தெளியும்."
மண்டபம் சிரித்தது.
என்ன சொன்னார் என்று கேட்டார் பணிப்பாளர்.
உங்களோடு உடன்படுகிறார் என்றேன்.

பிறகு படிவம். ஆறு பக்கம்.
பொஸ்டன் கண்காட்சியில்
பத்தடிக்குப் பத்தடி இடம், வாடகை அரசாங்கத்தினது.
நாலாம் பக்கத்தில் ஒரு கேள்வி:
'இதற்கு முன் அத்திலாந்திக்கைக் கடந்து விற்றதுண்டா?'
"அது எந்தப் பக்கம்?" என்றா ஜெஸீமா.
யன்னலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினேன்.
அந்தப் பக்கம் கழிப்பறை,
அதற்கப்பால் கச்சேரி,
அதற்கப்பால் கொழும்பு வீதி.
'இல்லை' என்று எழுதினா. பேனை அழுத்தியதில்
அடுத்த பக்கத்திலும் அந்த இல்லை பதிந்தது.

இடம் கிடைத்தது.
விசா கிடைக்கவில்லை.
அது வேறொரு அரசாங்கம்.
பங்குனியில், அவ இல்லாத அவவுடைய கடையில்
அவவுடைய படம் நின்றது,
பக்கத்தில் கழுத்துப்பட்டியோடு இரண்டு அதிகாரிகள்,
நண்டைத் தொட்டறியாத கைகளால்
நண்டைக் கொடுத்தபடி.

சித்திரையில் தொலைபேசி.
"கடிதமொண்டு வந்திருக்கு, வந்து வாசியுங்க."
பொல்டிமோர்க்காரன்.
ருசி பிடித்திருக்கிறதாம்.
மாதம் மூன்று கொள்கலன் வேண்டுமாம்,
வருசம் முழுக்க.

ஜெஸீமா விரல் மடித்து எண்ணினா.
இருபத்திரண்டு பெண்கள், நாற்பது கை.
"சபூராக்கும் லைலாக்கும் விரல்ல புண்"
என்று நாலு கையைக் கழித்திருந்தா.
வாடைக்காத்துக்கு மூன்று மாதம்.
வயிற்றில் முட்டையோடு வருவதைத் திருப்பி விடவேணும்.
மிச்சம் மடிக்க விரல் இருக்கவில்லை.
"எழுதுங்க, கடலுக்கிட்டக் கேட்டுத்தான் செல்லணும் எண்டு."

இப்படியான நேரத்துக்கென்றே
வியாபார இங்கிலீசில் ஒரு வழுவழுப்பான வரி உண்டு.
எழுதி, அடித்தேன்.
அவ சொன்னதையே எழுதினேன்.

கூலிக்கு ஒரு தகரம் நண்டுச்சதை தந்தா.
மூடியில் 'ஏற்றுமதிக்கு மட்டும்'.
அன்றிரவு உப்புவெளியில்
நானும் மனைவியும்
பாணோடு சாப்பிட்டோம்.
உப்புக் கொஞ்சம் குறைவு என்றாள்.