பதம்

கரும்பு எப்போதோ சாறாகிச்
சீனியாகிக் கப்பலேறிவிட்டது.
மிச்சம் இங்கே, அலகோவாஸ் கடலோரத்தில்
தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது:
சோகை, சக்கை, ஒட்டிய செம்மண்.

இதற்குள்ளும் இனிப்பு இருக்கிறது.
நாக்குக்குத்தான் வழியில்லை.
சர்க்கரையோடு சர்க்கரை கைகோத்துக் கயிறாகி
கயிற்றின் மேல் லிக்னின் காரை பூசி
காற்றுக்கு முறியாமல் நிற்கவென்று
செடி தனக்காகக் கட்டிக்கொண்ட சுவர்.
நம் லாரி ஓடுவதற்காகவா கட்டியது?

நொதிகள் தொட்டியில் காத்திருக்கின்றன.
பசிதான், ஆனால் கதவு தட்டத் தெரியாத பசி.
அவற்றைச் சுரந்த பூஞ்சையின் முன்னோர்
ஒரு போரின்போது பசிபிக் தீவில்
சிப்பாய்களின் கூடாரங்களைத் தின்று தீர்த்தவர்கள்.
துணி எளிது. தண்டு அப்படியில்லை.
யாராவது முன்னால் போய்
சுவரை இளக்கிக் கொடுக்கவேண்டும்.

அந்த யாராவது, இரவுப் பணியில், ஜுரேமா.

இருநூறு டிகிரி நீராவி. எட்டு நிமிடம்.
பிறகு வால்வைச் சட்டென்று திறக்கவேண்டும்.
இழைக்குள் புகுந்த நீர் ஒரே மூச்சில் ஆவியாகி வெடிக்க
சக்கை பழுப்புச் சேறாய் வந்து விழும்.
டம்.
ஊர் நாய்கள் குரைப்பதை விட்டு இரண்டு வருடமாகிறது.
புது மாப்பிள்ளைகள்தான் இன்னும்
வலைத்தூளியிலிருந்து விழுகிறார்கள்.

ஆறு நிமிடம் என்றால் வேகாது,
நொதி சுவரை நக்கிவிட்டுத் திரும்பும்.
பதினைந்து என்றால் சர்க்கரையே கெட்டு
ஃபர்ஃபுரால் ஆகும்: வாதுமை வாசனை, ஈஸ்டுக்கு நஞ்சு.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும்.
இந்த உலைக்குள் யார் விரல் விடுவது?
ஜுரேமா மூக்கால் பார்ப்பாள்.
பொறியாளர் டார்சியோ அதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்.
இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இரண்டே காலுக்குத் திருகு இறுகியது.
திருகு நின்றால் வால்வும் பூட்டிக்கொள்ளும், பாதுகாப்பு விதி.
உள்ளே ஓர் உலை நிறைய வெந்துகொண்டே இருக்கிறது.
ஓடிலோன் மூடியைக் கழற்றினான்,
இவானில்டே விளக்குப் பிடித்தாள்.
முழங்கை வரை கைவிட்டு ஜுரேமா இழுத்ததை
முதலில் கல்லென்று நினைத்தாள்.
ஒரு சாண்கூட இல்லாத இரும்பு.
வெட்டுக்கத்தியின் முனை.

பதினொரு பருவம் அவளும் வெட்டியவள்.
எரித்த வயலில், கரி அப்பிய முகத்தோடு
நாளுக்கு ஏழு டன். எடை போடுபவன் சொன்னால் ஆறு.
முனையைத் திருப்பிப் பார்த்தாள்.
தீட்டியிருந்தது இடக்கைக்காரர் பக்கம்.
சமவெளியில் இப்போது வெட்டுவது எந்திரம்.
எந்திரம் கவிழ்ந்துவிடும் சரிவுகளில் மட்டும்
இன்னும் ஆட்கள்.
முறிந்த கத்திக்குக் கூலியில் பிடிப்பார்கள்.
யாருக்குப் பிடித்தார்களோ.

"என்ன அது?" என்றான் ஓடிலோன்.
அவளுக்கு அதற்குள் வாதுமை மணந்துவிட்டது.

இருபத்தொரு நிமிடம்.
திறந்தார்கள். டம்.
கறுப்பாக வந்தது.
"எரிக்க அனுப்பு" என்றாள். கொதிகலன் எதையும் தின்னும்,
அதற்குப் பதம் கிடையாது.

சோகை வரும் வழியில் இரும்பைப் பிடிக்க ஒரு காந்தம் உண்டு.
வியாழனிலிருந்து அதற்கு மின்சாரம் இல்லை.
படிவத்தில் காரணம் என்றொரு கட்டம்,
ஒரு சொல்லுக்கு மட்டும் இடம்.
காந்தம் என்றால் பராமரிப்பில் இருக்கும் இவானில்டேயின் தம்பி.
கத்தி என்றால் சரிவில் இருக்கும் அந்த இடக்கை.
கல் என்று எழுதினாள்.
கல்லுக்கு யாரும் கூலி தருவதில்லை,
பிடிப்பதுமில்லை.

மூன்றரைக்கு அடுத்த உலை.
மூக்கும் எண்ணும் ஒத்துப்போயின.
சேறு ஆறியதும் நொதிகளைத் திறந்துவிட்டார்கள்.
மூன்று நாள் தின்னும்.
கரும்பு தின்னக் கூலி கேளாதவை.

கத்திமுனை அவள் சட்டைப் பையில் இருந்தது,
துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக
அறுத்துக்கொண்டு.